கட்டிங் மாஸ்டர் வாங்கிய வளைந்த கம்பி

அறுபது தாண்டிய வயதில் என் அத்தானுக்குப் புஜத்தை முறுக்கிக் காட்ட ஆசை வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசியது யார் யார் என்று எனக்குத் தெரியும். ஒருத்தரையும் நான் சும்மா விடவில்லை. பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து, எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று கத்துவது என் வேலை. திறந்த வாயை மூடுவது எனக்குக் கொஞ்சம் சிரமம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு துணிக்கடையின் தையல் பிரிவில் கட்டிங் மாஸ்டர். அவர் வெட்டிக் கொடுப்பார், மற்றவர்கள் தைப்பார்கள். ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்காகத்தான். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டைக் கையைப் பார்ப்பார். "ஒரு விரக்கடை நீளம்" என்று அக்காவின் காதில் முணுமுணுப்பார். "பேசாம சாப்பிடுங்க" என்பாள் அவள். ஆயுள் முழுக்கக் கனமான கத்தரிக்கோலைப் பிடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு கெட்டுப்போயிருந்தது. வாளியைத் தூக்கினாலே முகத்தைச் சுளிப்பார்.

அக்கா மழலைப் பள்ளியில் டீச்சர். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, அதற்கேற்ற குரல். அத்தானோ ஒல்லி. இருவரும் சேர்ந்து நடந்து வந்தால், "டீச்சர் மாஸ்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்று நான்தான் முதலில் கேலி செய்வேன். அப்படிப்பட்டவளுக்குக் கால் விரல்களில் ஒரு மரமரப்பு ஆரம்பித்தது. நரம்பில் கோளாறு என்றார்கள். விரலில் இருந்தது முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பிறகு அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் கீழ்வீடு, அவர்கள் மாடி. எனக்கு ராத்திரி ஷிப்ட், அதனால் அத்தான் கடைக்குப் போகிற பகலில் நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு அவளைத் தூக்குவது அத்தான் ஒருவர்தான். வேறு யாரும் தொட்டுத் தூக்க அவள் சம்மதிக்கவில்லை. ஒருநாள் குளியலறை வாசற்படியில் அவருடைய கை விட்டுவிட்டது. அவளைக் கீழே போட்டுவிடாமல் அணைத்தபடியே அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் அவளைப் பரிசோதிக்க வந்த நர்ஸிடம் அக்காவே உளறிவிட்டாள். நர்ஸ் நல்ல பெண்தான், ஆனால் கறாரானவள். "உங்களால தூக்க முடியலைன்னா இவங்களை நோயாளிகளைப் பாத்துக்கற இல்லத்துல சேர்த்துடறதுதான் சரி. இன்னொரு தடவை விழுந்தா எலும்பு தாங்காது" என்றாள். தூக்குவதற்கு மெஷின் இருக்கிறதாம். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அது நுழையாது. நர்ஸ் போனபிறகு அக்கா அத்தானின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "என்னை எங்கயும் அனுப்பிடாதீங்க" என்றாள். அவள் எதையும் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "எங்க அனுப்பப் போறேன்? கையைத் தேத்திக்கறேன், அவ்வளவுதானே" என்றார் அத்தான்.

விளையாட்டுச் சாமான் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். விற்பனையாளர் கட்டுமஸ்தான ஆள். "சட்டை ரெண்டு சைஸ் சின்னது" என்றார் அத்தான் என் பக்கம் குனிந்து.

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தான்."

"சூப்பர் சார். உடம்பைக் குறைக்கவா?"

"சம்சாரத்தைத் தூக்கணும்."

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அத்தானை உட்காரவைத்து, முழுக் கதையையும் கேட்டார். அதற்குப் பிறகு தன் வீட்டுக் காரியம் போல முனைந்துவிட்டார்.

முதலில் நேரான கம்பி ஒன்றைக் கொடுத்தார். உள்ளங்கை மேலே பார்க்க அதைப் பிடித்து நெஞ்சு வரை தூக்கவேண்டும். பாதி தூரம் போவதற்குள் அத்தானின் மணிக்கட்டு சுளுக்கென்று இழுத்தது. "அப்ப இது வேணாம் சார்" என்று, நடுவில் நெளிநெளியாக வளைந்த இன்னொன்றை எடுத்துவந்தார். கர்ல் பார் என்று பெயராம்.

"வளைஞ்சுபோன சாமானை நம்ம தலையில கட்டப் பாக்கறாரு அத்தான்" என்றேன்.

"வளைச்சுத்தான் செஞ்சிருக்காங்கம்மா. இந்தச் சாய்வுல பிடிச்சா கை முழுசா மல்லாராது, கொஞ்சம் உள்பக்கம் திரும்பி நிக்கும். மணிக்கட்டுக்கு இழுப்பு கம்மி."

அத்தான் பிடித்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. அதற்குமேல் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வழுக்காமல் இருக்கக் கம்பியில் செதுக்கியிருந்த சொரசொரப்பைக் கட்டைவிரலால் தடவி, "நெசவு நல்லா இருக்கு" என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்து, இருந்த இரண்டு அளவுகளையும் அளந்தார். முனை தடித்த நீளக் கம்பி கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்காது என்று குட்டையானதைத் தேர்ந்தெடுத்தார். அதன் மெல்லிய முனைக்குத் துளை பொருந்துகிற, கனத்துக்கு மாட்டும் இரும்புப் பிளேட்டாகப் பார்த்துச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சோடி வாங்கினார். பிளேட் நழுவாமல் பிடிக்க ஸ்பிரிங் கிளிப்பும் இருந்தது, திருகு பூட்டும் இருந்தது. "அவ பக்கத்துல படுத்திருப்பா, எதுவும் கழண்டு விழக்கூடாது" என்று திருகு பூட்டையே கேட்டார்.

"முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்குங்க சார். முதுகை ஆட்டாதீங்க. தூக்கறது பெரிசில்ல, மெதுவா இறக்கணும். அம்மாவைத் தூக்கும்போது காலை மடக்கித் தூக்குங்க, கையை மட்டும் நம்பாதீங்க" என்று வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்று தூக்குவார் அத்தான். ஆரம்பத்தில் வெறும் கம்பிதான். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு எண்ணுவாள். பள்ளிக்கூடத்துக் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, முதுகு ஆடுது, மூணு, அஞ்சு."

"டீச்சர், நாலு எங்க?"

"அது இன்னிக்கு லீவு."

ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு எண் லீவு போட்டுவிடும். அவர் களைத்துப் போகக்கூடாது என்று அவள் செய்கிற திருட்டுத்தனம். அவரும் கண்டுகொள்ளாமல் கம்பியை இறக்கிவைப்பார். நான் மாடிப்படி ஏறும்போதே இந்தக் கூத்து காதில் விழும். நோயாளி இருக்கிற வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கொஞ்ச நாளில் சின்ன பிளேட் ஏறியது. பிறகு நடுத்தரம். அதோடு நின்றுவிட்டது. பெரிய சோடியை மாட்டினால் இடுப்புக்கு மேல் கம்பி வரவில்லை. எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஆனால் அக்காவைத் தூக்குவது மட்டும் நாளுக்கு நாள் சுலபமாகிக்கொண்டே வந்தது. முன்பு மூச்சு வாங்கும். இப்போது பேசிக்கொண்டே தூக்கினார். "பாத்தியா, பஞ்சு மாதிரி தூக்கறேன். எல்லாம் கம்பியோட வேலை" என்று அவள் எதிரிலேயே பீற்றிக்கொள்வார். நர்ஸும் பார்த்துவிட்டு இல்லத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு உடம்பு துடைத்துவிடுகிறவள் நான். எனக்குத் தெரியாதா? தோள் எலும்பு துணியைப் போட்டால் தொங்கும் போலத் துருத்திக்கொண்டிருந்தது. தொடையில் சதையே இல்லை. கம்பி எங்கே கனம் கூடியது? அவள்தான் கரைந்துகொண்டிருந்தாள். எனக்கு அத்தான் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் இடுப்பையெல்லாம் வாசலிலேயே அளக்கிற மனுஷனுக்குச் சொந்தப் பெண்டாட்டி இளைத்தது கண்ணில் படவில்லையே என்று. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று ஒருநாள் கிளம்பினேன். அக்கா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லப்போறே. எனக்குத் தெரியாதா என் உடம்பு? அவரு பலம் வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருக்காரு. அதைக் கெடுக்காதே. என் மேல சத்தியமா சொல்லாதே."

ஊருக்கே அறிவிக்கிற என் வாய்க்கு அவள் போட்ட பூட்டு அது. நான் அவர் பீற்றும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அவருடைய இன்னொரு பழக்கமும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவின் நைட்டிகளை நான் துவைத்துக் காயவைத்தால், அவற்றைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போவார். அங்கே நல்ல இஸ்திரிப் பெட்டி இருக்கிறதாம். படுக்கையில் கிடப்பவளுக்கு மடிப்புக் கலையாத நைட்டி எதற்கு என்று நான் முணுமுணுப்பேன். அவர் காதில் வாங்கவே மாட்டார்.

ஒரு காலையில் அக்கா கண் திறக்கவில்லை. அவளுடைய கட்டிலில், அவளுடைய அறையில், அவள் கேட்டபடியே போய்ச் சேர்ந்தாள்.

வண்டியோடு வந்த ஆட்கள் எங்கள் மாடிப்படியின் திருப்பத்தைப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று தலையைச் சொறிந்தார்கள். "தள்ளுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்றார் அத்தான். காலை மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கடைக்காரர் சொன்னபடியே தூக்கினார். படி முழுக்க ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "இந்த வயசுல என்ன பலம்" என்று எதிர்வீட்டுக்காரர் வியந்தார். முன்பு கேலி பேசியவர்தான். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அத்தானுக்கு மூச்சுகூட வாங்கவில்லை, அதைப் பார்த்துத்தான் நான் ஓவென்று அழுதேன்.

எல்லாரும் போய் வீடு அடங்கியபிறகு ஒரு சாயங்காலம் அவளுடைய துணிகளை மடித்துவைக்க உட்கார்ந்தேன். ஒரு நைட்டியைப் புரட்டும்போது பக்கத் தையல் கையில் தடித்துத் தட்டுப்பட்டது. உள்பக்கத்தைத் திருப்பினேன். தைத்துப் பிரித்த பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு உள்ளே இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று. அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். எல்லாவற்றிலும் பக்கம், தோள், கை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தைத்திருந்தது. தையல் பிரிவில் இருக்கிற யாருடைய கையும் அல்ல, அத்தானின் கை.

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன அத்தான்?"

"மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவாங்க இல்ல, அப்ப தைப்பேன்." நைட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "படுத்திருக்கிறவ கண்ணாடியா பாக்கறா? துணி தொளதொளன்னு ஆனாத்தான் இளைச்சுட்டோம்னு தெரியும். அளவா இருந்தா தெரியாது."

"அப்ப கம்பியோட வேலைன்னு சொன்னதெல்லாம்?"

"பெரிய பிளேட்டை நான் ஒருநாளும் தூக்கலையேம்மா. அவ எடை எனக்குத் தெரியாதா? கையில எடுக்கும்போதெல்லாம் தெரிஞ்சுது. ஆனா அவ ஆசையா எண்ணிக்கிட்டிருந்தா. எப்படி நிறுத்தறது?"

இனிமேல் அந்தச் சத்தியம் யாருக்காக? வாயைத் திறந்தேன். "அவளுக்கும் தெரியும் அத்தான். நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு என்னைச் சொல்ல விடல."

அவர் அந்தத் தையலை விரலால் தடவியபடி, "இதையும் பாத்திருப்பாளோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அழுது முடித்துவிட்டு எழுந்தார். கட்டில் ஓரம் சாய்த்துவைத்திருந்த கம்பியை எடுத்து, வழக்கமான இடத்தில் நின்று, முழங்கையை ஒட்டிக்கொண்டார். யாரோ தொடங்கவேண்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. நான் தலையணைப் பக்கம் போய் உட்கார்ந்து எண்ணினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு."

கம்பி பாதியில் நின்றது.

"உனக்கு எண்ணத் தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டு, மெதுவாக அதைக் கீழே இறக்கினார்.