இடது பக்கத்து இரும்பு

வெர்லின் ஸ்டக்கிக்குப் பொய் சொல்லவே வராது. ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுவான், யாரிடம் எதைச் சொன்னோம் என்று மறந்தும் போவான். இமோஜீன் அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். பிடிபட்டால் முதலில் காதுதான் சிவக்கும்.

இந்தியானாவில் சோளக்காட்டுக்கு நடுவே அவர்கள் வீடு. ஊர்த் தானியக் கிடங்கில் பெல்ட்டும் மோட்டாரும் ரிப்பேர் பார்ப்பது அவன் வேலை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவள் வேலை. தர்பூசணிக்கு உப்புப் போட்டுச் சாப்பிடுவான். சர்ச் பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் நின்று, சுருதி சேராமல், கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். தேய்ந்த போல்ட்டைக்கூடத் தூக்கி எறிய மனசு வராது. கொட்டகை நிறையக் காப்பி டப்பாக்கள், எல்லாவற்றிலும் போல்ட்டுகள்.

அந்தக் கொட்டகையில்தான் அவனுடைய பழைய டார்ட் கார் நிற்கிறது. சின்ன உடம்பு. கடைக்குப் போய்வர வாங்குகிற சாதாரணக் கார் மாதிரிதான் தெரியும். ஆனால் மூடியைத் தூக்கினால், லாரியில் இருக்க வேண்டிய அளவுக்குப் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின் உள்ளே அடைந்து கிடக்கும். கம்பெனியிலேயே அப்படித்தான் திணித்து அனுப்பினார்கள். இடமில்லாததால் பவர் ஸ்டீயரிங்கூடக் கிடையாது.

வாலிபத்தில் வெர்லின் அதில் பந்தயம் ஓட்டினான். இன்ஜினோடு வந்த, புகையைச் சத்தமடக்கி வெளியே விடுகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகளைக் கழற்றி விற்றுவிட்டு, ஹெட்டர் குழாய்களை மாட்டியிருந்தான். சிலிண்டருக்கு ஒன்றாக நீளமாகத் தொங்குகிற குழாய்கள். வேகம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற நாய்கள் குரைக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது குழாய்கள் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். வருஷக் கணக்காக அவர்கள் இருவரும் அந்தக் காருக்குள் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல ரூட் பீர் சோடாக் கடைக்குப் போய்த் திரும்பி வந்ததும் இமோஜீன் சொன்னாள்: "இனிமே நான் இதுல வரலய்யா. ராத்திரி பூரா காதுக்குள்ள கொய்ங்குது. மறுநாள் பஸ்ல பின்னாடி பிள்ளைங்க அடிச்சிக்கிறதுகூடக் கேக்க மாட்டேங்குது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"சரி," என்றான் வெர்லின். அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவன் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினான். வரும்போது அவளுக்கென்று பன்றிக்கறி சாண்ட்விச் ஒன்று பொட்டலத்தில் வரும், ஆறிப்போய். அவளும் குறை சொல்லாமல் தின்றாள். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் கிளம்பின பிறகு, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்றிருந்தது. சொன்னதில் தப்பும் இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் எண்ணெய் கசிகிறதென்று இன்ஜினை வெளியே தூக்கினான். அதே சமயம், பழைய சாமான் சந்தையிலிருந்து துருப்பிடித்த இரண்டு இரும்புக் கட்டிகளைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தான். அந்தச் சின்னக் காருக்கென்றே வளைத்து வார்த்த பழைய மேனிஃபோல்டுகள். லேசில் கிடைக்காது.

சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கொட்டகை. பக்கத்து வயல்காரன் டெல்பர்ட் வந்து கேட்டது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"டேய் வெர்லின், இது என்னடா, படகு நிறுத்துற நங்கூரமா?"

"ஹெட்டர் துருப்பிடிச்சுப் போச்சுடா."

"பிடிக்கட்டுமே, புதுசு வாங்கு. இதை மாட்டினா வண்டி கெழட்டுக் கழுதை மாதிரில்ல போகும்!"

பாதிரியாரிடம் சொன்ன காரணம் வேறு: சத்தத்துக்கு ஏதோ புதுச் சட்டம் வரப்போகிறதாம். அவளிடம் சொன்னது, ரயில்வே கேட்டில் உரசுகிறது என்று. இமோஜீன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே மூன்றையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான்காவதாக ஒரு காரணம் இருப்பது தெரிந்தது. அதை அவனாக ஒருநாளும் சொல்ல மாட்டான் என்பதும் தெரிந்தது.

மே மாதம் இன்ஜினைச் சங்கிலியில் கட்டி மேலேயிருந்து இறக்கினான். டெல்பர்ட்டும் கை கொடுத்தான். எல்லாம் பூட்டியானதும் இருவரும் ஐஸ் டீ குடித்துச் சிரித்தார்கள். பிறகு வலது பக்கத்து மேனிஃபோல்டு அழகாகப் போய் உட்கார்ந்தது. இடது பக்கத்ததோ உள்ளேயே போகவில்லை. மேலே ஸ்டீயரிங் தண்டு, கீழே ஸ்டீயரிங் பாக்ஸ். இப்படித் திருப்பினான், அப்படிக் கவிழ்த்தான், படுத்துக்கொண்டு கீழேயிருந்து தள்ளினான். விரல் தோல் கிழிந்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் பிடித்த கிரீம் பை என்கிற இனிப்பைச் செய்து வைத்தாள். முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"என்னய்யா?"

"முட்டாள்தனம் பண்ணிட்டேன் இமோ. இந்த இரும்ப முதல்லயே இன்ஜின்ல மாட்டிட்டு, அப்புறம்தான் இன்ஜின உள்ள விடணும். கம்பெனில அப்படித்தான் பண்ணாங்க. ஹெட்டர்னா இன்ஜின் உக்காந்தப்புறம் கீழருந்து சொருகிக்கலாம். அந்தப் பழக்கத்துல கை தானா போயிருச்சு."

"அப்ப மறுபடி தூக்கணுமா?"

"தூக்கணும். இல்லன்னா…" கரண்டியை வைத்தான். "பழைய ஹெட்டரையே மாட்டிர வேண்டியதுதான்."

இமோஜீன் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"முழுசாத் தூக்காம வழியே இல்லையா?"

யோசித்தான். "ஸ்டீயரிங் தண்ட உருவிட்டு, தாங்கி போல்ட்டக் கழட்டி, ஜாக்கி குடுத்து இன்ஜின வலப்பக்கமாச் சாய்ச்சா இடம் கிடைக்கும். ஆனா நான் மேல நின்னு இரும்பப் பிடிக்கணும், கீழ ஒரு ஆள் நட்டு மாட்டணும். டெல்பர்ட் கை அந்தச் சந்துக்குள்ள போகாது. அவன்கிட்டச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் வேற."

"என் கை போகும்."

"நீயா?"

"தினம் காலைல பஸ்ஸுக்கு அடியில குனிஞ்சு பாக்கறது யாரு, டெல்பர்ட்டா?"

சனிக்கிழமை காலை அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கடியில் படுத்தாள். அவன் ஜாக்கியை ஏற்றி, கட்டையைக் கொடுத்து நெம்பினான். இன்ஜின் முனகிக்கொண்டு சாய்ந்தது. மேலேயிருந்து இரும்பு இறங்கியது, ஸ்டீயரிங் பாக்ஸில் உரசியது, நின்றது, ஒரு குலுக்கலில் உள்ளே வந்து உட்கார்ந்தது. அவள் விரல்கள் இருட்டுச் சந்துக்குள் தடவித் தடவி போல்ட்டைக் கண்டுபிடித்தன.

"வாஷர் போட்டியா?"

"போட்டேன்யா."

"விரலாலதான் திருகணும். ஸ்பேனர எடுத்துராத."

"ஏன், விழுந்துராதா?"

"அப்புறமா அளவா இறுக்கிக்குவேன். சூடேறினா இரும்பு நீளும். நகர இடம் விடாம இறுக்கினா வெடிச்சிரும்."

அவள் அடுத்த நட்டை எடுத்து விரலால் திருகினாள்.

"ஏன்யா, நெசமா எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள்.

"ரயில்வே கேட்ல உரசுதுல்ல."

"அது நாம கல்யாணம் பண்ணின நாள்லருந்து உரசுது."

இரும்புக்கும் மட்காடுக்கும் நடுவே விரலளவு இடைவெளி. அதில் அவன் காது மட்டும் தெரிந்தது. நல்ல சிவப்பு.

"அந்த லைட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு," என்றான்.

திருப்பினாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெர்லின் காரைக் கிளப்பினான். முதலில் பழைய எண்ணெய் புகைந்தது. பிறகு அடித்தொண்டையில் ஆள் பேசுகிற மாதிரி ஒரு கனமான முணுமுணுப்பு, அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டெல்பர்ட் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் ஆயிருச்சாடா? ஒண்ணுமே கேக்கலையே!"

வெர்லின் அவனைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலையும் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். ஓடுகிற இன்ஜினை விட்டுவிட்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இமோஜீன் உதட்டுச்சாயம் பூசி, கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நேராக ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.

"ஸ்டீயரிங் கனமா இருக்கும் இமோ," என்றான்.

"என் பழைய பஸ்ஸ விடவா? போய் அந்தப் பக்கம் ஏறு."

டெல்பர்ட் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் கையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான், சொல்ல வந்தது நின்றுபோயிற்று.

ரயில்வே கேட்டில் கார் ஏறி இறங்கியது. எதுவும் உரசவில்லை. வெர்லின் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளி, வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுக் குரலில் கத்தினான்:

"உனக்கு வெங்காயம் போடச் சொல்லட்டுமா?"

"ஏன்யா கத்தற?" என்றாள் இமோஜீன். "பக்கத்துலதானே இருக்கேன்."