கார் இல்லாத கார்க்காரர்

அந்தக் கடைத்தெருவில் அவரைக் கார்க்காரர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் கார் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. ஓட்டவும் தெரியாது. சைக்கிளைக்கூட ஏறி மிதித்ததைவிட உருட்டிக்கொண்டு போனதுதான் அதிகம். இருந்தும் போன வருஷம் அந்தத் தெருவில் எந்தக் கார்க்காரரும் வாங்காத திட்டை அவர் வாங்கினார். வாங்கினார் என்ன, ஆசை ஆசையாக வாங்கினார்.

திட்டு வாங்குவது அவருக்குப் புதிதில்லை. மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுக்கிற வேலையிலேயே காலத்தைத் தள்ளியவர். கம்பி அறுந்ததற்கும், மரம் சாய்ந்ததற்கும், மழை பெய்ததற்கும் சேர்த்து அவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார். யார் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாமல், “பதிவு பண்ணிக்கிட்டேங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க” என்பார். அந்த ஆள் எங்கே வந்துகொண்டிருந்தான் என்பது அவருக்கே தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைய வசவுகளைத் தரம் பிரித்து மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி ஆறு மாசம் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, அதற்கு ஒரு தம்பியும் பிறந்தான். அந்த ஆறு மாசம் மட்டும் இன்னும் முடியவில்லை. அவர்களுக்குள் சண்டை, மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் ஒரு பிள்ளை வீல் என்று கத்தும். இருங்க, அப்புறம் பேசுகிறேன் என்பாள். அப்புறம் என்றால் அடுத்த ஞாயிறு.

ஒரு நாள் முழுக்க வாயையே திறக்கவில்லை என்பதை இரவு பல் தேய்க்கும்போதுதான் கவனித்தார். அதற்குப் பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை, கரண்ட் போகாதபோதே, தன் பழைய புகார் எண்ணை அழைத்துப் பார்த்தார். இயந்திரம் எடுத்தது. ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது. எதை அழுத்தியும் மனிதக் குரல் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போனால் கடைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தையாவது பேசலாம் என்று ரத்த அழுத்த மாத்திரையை அட்டையாக வாங்காமல் ஐந்தைந்தாக வாங்க ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் நகராட்சி அந்தத் தெருவில் கை வைத்தது. கார், லாரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மரம் நட்டு, ஜனங்கள் நடக்கிற தெருவாக மாற்றப்போகிறோம் என்றார்கள். தெரு இரண்டுபட்டது. கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள், நாற்காலிதான் பறந்தது. மறுபடி போட்டார்கள், மைக்கும் சேர்ந்து பறந்தது. கடைசியில் யாருக்கு உதித்த யோசனையோ, ஒரு நாடகக் குழுவை அழைத்து வந்து, இனிமேல் நீங்களே பேசி முடியுங்கள் என்று தெருவை அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், சமூகக் கூடத்தில் நாடகம். கதை ரொம்பச் சின்னது. இரண்டு நாற்காலியை அருகருகே போட்டால் கார். ஒரு எவர்சில்வர் தட்டு ஸ்டியரிங். காருக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர், பிள்ளையைக் கூட்டிப் போகும் தாய் என்று ஒவ்வொருவராக வந்து, காரைத் தெருவுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வாருங்கள் என்று கேட்பார்கள். அவர் முடியாது என்பார். அதோடு கதை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்து மேடையேறி, கேட்கிறவர் இடத்தில் நின்று, தன் வழியில் பேசிப் பார்க்கலாம். நல்ல யோசனை வந்தால், முன் வரிசையில் இருக்கும் நகராட்சிப் பொறியாளர் அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார். காருக்குள் இருப்பவர் சரி என்கிற வரை வாராவாரம் இதே நாடகம்.

கார்க்காரராக முதலில் உட்கார்ந்தவர் இரண்டாவது வாரமே ஓடிவிட்டார். மச்சினன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லையாம். யார் வருகிறீர்கள் என்று நாடகக்காரப் பெண் கேட்டாள். கூட்டம் தரையைப் பார்த்தது. வெளிச்சமும் தேநீரும் கிடைக்கிறதே என்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தன் கை மேலே போயிருப்பதைப் பார்த்துத் தானே திடுக்கிட்டார்.

தட்டை அவர் பிடித்த பிடியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஏதோ ததும்பிக்கொண்டிருப்பதுபோல் பிடித்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் அசைந்து கொடுக்காமல், மரியாதை குறையாமல் முடியாது என்று சொல்ல, ஊரில் அவரைவிட்டால் ஆள் ஏது? நாடகக்காரப் பெண் ஒரே ஒரு விதி சொன்னாள். “ஐயா, பொய்யா மட்டும் பிடிவாதம் பிடிக்காதீங்க. மனசு சரின்னு சொன்னா வாயும் சரின்னு சொல்லிடணும்.” அவரும் தலையாட்டினார்.

அவருடைய பிடிவாதத்தால் நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார், அதனால் திட்டத்தில் பேட்டரி வண்டி வந்தது. மழைக்கு எங்கே ஒதுங்குவது என்றார், கடை ஓரமாக நீளக் கூரை வந்தது. சரக்கு எப்படி இறங்கும், தீ பிடித்தால் என்ன வழி என்று குடைந்ததில் சரக்கு வண்டிக்கு விடியற்காலை நேரமும், தீயணைப்பு வண்டிக்கு நடுவில் ஒரு பாதையும் வந்தன. பொறியாளரே அவரைக் கண்டால் எழுந்து கும்பிட ஆரம்பித்தார்.

தெருவும் அவரை விடவில்லை. முடிவெட்டுகிறவர் பாதி முகத்துச் சோப்போடு உட்காரவைத்து வாதாடினார். பழக்கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டுத் திட்டினார். நாடகம் எது, நிஜம் எது என்று பாதிப் பேருக்கு மறந்துபோய், உங்கள் காரை வேறு எங்கேயாவது விடக்கூடாதா என்றே கேட்டார்கள். தன்னிடம் கார் இல்லை என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் திட்டுகளைத் தரம் பிரித்துச் சொன்னார். பழைய சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பிள்ளை கத்தியும்கூட அவள் உடனே போனை வைக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, மூலைக்கடைத் தையல்காரர் ஏறினார். அதிகம் பேசுகிற ஆளில்லை. “நீங்க கார்லயே போறீங்க. உங்க மூஞ்சியே எனக்குத் தெரியாது. நடந்து வந்தீங்கன்னா, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்ல” என்றார், அவ்வளவுதான். கார்க்காரரின் மனசு சரி என்றுவிட்டது, ஒரு தடவைக்கு நூறு தடவை. வாய் திறக்கும் நேரத்தில், அப்படியானால் அடுத்த சனிக்கிழமை, என்ற எண்ணம் குறுக்கே வந்தது. சரி என்றால் நாடகம் முடிந்தது. முடிவெட்டுகிறவர் முடியை மட்டும் வெட்டுவார்.

“முடியாதுங்க” என்றார்.

அன்றிலிருந்து எல்லாமே பொய்ப் பிடிவாதம். புதுக் காரணங்களை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்தார். காரணம் தீர்ந்ததும் வெறுமனே தலையை ஆட்டினார். தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் செய்தார், மனுஷன்.

அந்த மாதக் கடைசியில் பொறியாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். மேடையில் ஓர் ஆளையே உங்களால் சம்மதிக்கவைக்க முடியவில்லை, தெருவை எப்படிச் சம்மதிக்கவைப்பீர்கள் என்று நகராட்சி உறுப்பினர்கள் கேலி செய்கிறார்களாம். வருகிற சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால், இந்தத் தெருவைக் கைவிட்டு வேறு தெருவுக்குப் போய்விடுவார்களாம்.

அதே வாரம் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி, மருந்துக்கடைக்கார அம்மாவின் கணவருடைய தோளில் இடித்தது. பக்கவாதம் வந்த மனிதர். தெருக்கோடியில் இருக்கும் சிகிச்சை நிலையத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வண்டிகளுக்கு நடுவில் அந்த அம்மா தினமும் தள்ளிக்கொண்டு போவார். மறுநாள் கார்க்காரர் மாத்திரைக்குப் போனபோது, அந்த அம்மா ஐந்தை எண்ணிக் கத்தரித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் அவரோடு வாதாடாத ஒரே ஆள் அந்த அம்மாதான்.

கடைசிச் சனிக்கிழமை கூடத்தில் எள் விழ இடமில்லை. ஒவ்வொருவராக ஏறினார்கள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். அவர் தட்டைப் பிடித்தபடி முடியாது, முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கம்மிக்கொண்டே வந்தது. அப்போது பின்னாலிருந்து ‘நிறுத்து’ என்று கேட்டது. மருந்துக்கடைக்கார அம்மா. யார் இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்று நாடகக்காரப் பெண் கேட்டதற்கு, யார் இடத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு, நேரே வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்தவர் எவருமில்லை.

“எங்க போறீங்க?” என்று கேட்டார்.

“கடைக்கு.”

“என் கடைக்கா? அஞ்சு மாத்திரை வாங்கவா?”

 அந்த அம்மா குரலைத் தணித்தார். முன் வரிசைக்கே கேட்டிருக்காது.

“அட்டையா வாங்குனா விலை குறையும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன? எதுக்கு வர்றீங்கன்னு எனக்கும் தெரியும். இப்ப நீங்க சரின்னு சொன்னா, அடுத்த சனிக்கிழமை இது கிடையாது. அதானே?”

தட்டில் தன் முகம் நெளிந்து தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேங்க. இருக்கு. என் வீட்டுக்காரருக்குத் தோள்ல இன்னும் வீக்கம் வடியல.”

பதிவு பண்ணிக்கிட்டேங்க என்று சொல்ல நாக்கு தானாகப் புரண்டது. பழக்க தோஷம். அதை விழுங்கினார். பிறகு இல்லாத கதவைத் திறந்து கீழே இறங்கினார். தட்டை அந்த அம்மாவின் மடியில் வைத்தார். “நடந்தே போயிக்கிறேங்க” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

கூடம் அதிர்ந்தது. பொறியாளருக்கு மட்டும் ஒரு சிக்கல். எந்த வாதத்துக்கு அவர் இணங்கினார், திட்டத்தில் எதைச் சேர்ப்பது? ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்றார் மருந்துக்கடைக்கார அம்மா. கூட்டம் அந்த அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கொண்டாடியது. கார்க்காரர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நாடகக்காரப் பெண் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வேறு ஊராம், குப்பைப் பிரச்சினையாம். நானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டார். அந்தந்த ஊர்க்காரர்தான் அந்தந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது குழுவின் வழக்கம் என்றாள், கண் கலங்க. அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மறுவாரம் மருந்துக்கடைக்குப் போனார். தெரிந்துபோன பிறகு ஐந்து கேட்க வெட்கமாக இருந்தது. முழு அட்டையாகவே வாங்கினார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பின்னால் நின்றவர் சீட்டை நீட்டினார். பெரிய அட்டை, சீக்கிரம் தீராது.

வேலைகள் முடிந்து தெருவைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் கன்றுகள், நீளக் கூரை, குழந்தைகள் நடுரோட்டில் உட்கார்ந்து விளையாடினார்கள். மருந்துக்கடைக்கார அம்மா கணவரை நட்டநடுவில் நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார். சக்கர நாற்காலியில் இருந்தவர் நல்ல கையை உயர்த்தி இவருக்குக் காட்டினார். கார்க்காரருக்கு, தான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லத் திரும்பினால், பக்கத்தில் யாரோ ஒருவர் நின்றிருந்தார்.

“அட, நீங்களா. இப்ப காரை எங்க விடறீங்க?” என்று கேட்டார் அவர்.

“எனக்குக் கார் இல்லைங்க.”

“வித்துட்டீங்களா? நல்ல காரியம் பண்ணுனீங்க” என்று தோளில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

விழா கலைந்தது. கடைக்காரர்கள் கடைக்குள் போனார்கள். முடிவெட்டுகிறவர் கையசைத்தார், உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தார். தையல்காரர் சொன்ன சொல் தவறாமல், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துணியில் குனிந்தார். கார்க்காரர் நடந்து வந்து தெரு நடுவில் நின்றார். முன்பெல்லாம் இப்படி நின்றால், “யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா” என்று எவனாவது வண்டியை நிறுத்திக் கத்தியிருப்பான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால், இல்லைங்க, வீட்டில் சொல்ல யாரும் இல்லை என்று சொல்லியிருப்பார்.