முத்திரை விழுந்த முகம்

அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு புத்தகம். என் கைப்பையில் இருக்கும் லைசென்ஸைப் போல வழவழப்பான அட்டை அல்ல. பழுப்பேறிய தாள்கள், ஓரம் பிய்ந்த மேலட்டை, பக்கத்துக்குப் பக்கம் புதுப்பித்ததற்கான முத்திரைகள், படிக்க முடியாத கையெழுத்துகள். முதல் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அப்பா. இருபத்திரண்டு வயது. எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை, பெரிய காலர் வைத்த சட்டை, சிரிக்கக் கூடாது என்று யாரோ அதட்டியது போன்ற வாய். யாரும் போட்டோவை மாற்றி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, பாதி தாளிலும் பாதி முகத்திலுமாக ஊதா மையில் வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். அது அவருடைய வலக் கன்னத்தை முழுவதும் மூடியிருந்தது.

சின்ன வயதில் அவர் சட்டைப்பையிலிருந்து அதை உருவி, இது என்ன கறை என்று கேட்பேன். "கெவர்மெண்டே ஆசையா முத்தம் குட்த்துக்குது பாரு. உங்கம்மா கூட இப்டி குட்த்ததில்ல" என்பார். உடனே அடுப்பங்கரையில் கரண்டி டணாரென்று விழும்.

திண்டிவனத்தில் அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். பௌர்ணமி வந்தால் திருவக்கரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் வேனும் அவரும் சேர்ந்தே அழைக்கப்படுவார்கள். அதனால் எந்த ஆல்பத்திலும் அவர் இல்லை. அப்பா அம்மா கல்யாணம் திருவாமாத்தூர் கோயிலில் எளிமையாக நடந்தது. போட்டோ எடுக்க ஆள் வைக்கவில்லை. என் காதுகுத்துப் படத்தில் நான் மாமா மடியில் அழுதுகொண்டிருக்கிறேன், அம்மா குனிந்து என் கன்னத்தைத் துடைக்கிறாள், பக்கத்து நாற்காலி காலி. அந்த நேரம் அப்பா ஓமந்தூருக்குப் போயிருந்தார், மாமாவின் மாமனார் வீட்டாரை அழைத்துவர.

"போட்டோக்காரன பாத்தாலே உங்களுக்கு வண்டி ஞாபகம் வந்துடுமே" என்று அம்மா குத்திக்காட்டினாள்.

"எல்லாரும் போட்டோவுல நின்னுக்கினு இருந்தா, ஊட்டுக்கு இட்டுக்கினு போறது யாரு?" என்றார் அப்பா.

எனக்கு ஒன்பது வயதில், அப்பாவைக் காய்ச்சல் என்று விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் திரும்பி வரவில்லை.

காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டியிருந்தது. பெரியப்பா லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடுதான் செய்தார். முத்திரையை அழித்தார். அதன் கீழே கன்னம் எப்படி இருந்தது என்று தெரியாததால், இடக் கன்னத்தையே திருப்பி வலப்பக்கம் வைத்தார். வண்ணம் ஏற்றினார். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இறந்தவர்கள் இருப்பதைப்போல, அப்பாவுக்கும் நீலக் கோட்டும் சிவப்பு டையும் வந்தன. "கலெக்டராட்டம் கீறான் பாரு என் தம்பி" என்று பெரியப்பா உடைந்து அழுதார். அம்மா அந்த டையை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மகள் பிறந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவளுக்குப் பால் கொடுத்தபடி அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். கோட்டுப் போட்டவர் வருவார். கண்ணை இறுக்கி மூடினாலும் அவரே வருவார். சிரித்தால் அப்பாவின் வலக் கன்னம் எப்படி மடிந்தது? அங்கே ஒரு மச்சம் இருந்ததா, அல்லது அது சித்தப்பாவுக்கா? யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இவளும் அந்தக் கோட்டுக்காரரைத்தான் தாத்தா என்று வணங்கி வளர்வாளா என்று நினைக்க நினைக்க, எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த வருடத் திதிக்கு முன்பு, லைசென்ஸை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்து, விழுப்புரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன்.

"சீல எடுத்துட்லாம் மேடம், ஜல்தியா முடிஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. எதையும் தொடாதீங்க."

சட்டம் போட்ட படத்தையும் லைசென்ஸையும் பையில் வைத்து, மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் போனேன். வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். செய்வது சரியா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது.

அம்மா படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். புதுப் படத்தைக் காட்டினேன். "கோட்டுப் படத்த எறக்கிட்டு இத மாட்லாம்மா. இதான் நெஜமான அப்பா" என்றேன்.

"சீல் குத்துன மூஞ்சிக்கு யாராச்சும் மால போடுவாங்களா? ரேஷன் கார்டாடி இது?" என்று முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "அந்தப் படத்துக்குத்தான் இத்தினி வருசமா கற்பூரம் காட்டிக்கினு வர்றேன். உன் கல்யாணத்த அது கிட்டதான் சொன்னேன். இது பொறந்தத அது கிட்டதான் சொன்னேன். அது அவரு இல்லன்னா, நான் யாருகிட்டடி சொல்லிக்கினு இருந்தேன்?"

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தேன். இதைக் கொண்டுவராமலே இருந்திருக்கலாம். அம்மா கற்பூரம் ஏற்றினாள். மகள் கோட்டுப் படத்தைப் பார்த்து, "தாத்தா சாமி" என்று கைகூப்பினாள்.

பிறகு என் பையைத் துழாவி லைசென்ஸை எடுத்துவிட்டாள். கிழித்துவிடுவாளோ என்று பாய்ந்தேன். அவள் அதைக் கிழிக்கவில்லை. முதல் பக்கத்தை விரித்து வைத்து, என்னைவிடச் சின்னவராக இருக்கும் என் அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"இந்த அண்ணா யாரும்மா?"

அம்மா சொல்வாள் என்று நான் அவளைப் பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.