சித்திக்கு எடுத்த வசனம்

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். மேலே ஒரு படம், அதன் கீழே ஒரு வேத வசனம். வருடம் முழுக்க நமக்கு நடக்கப்போவது அதுதான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பாவுக்கு வீட்டைப் பற்றிய வசனம் வந்த வருடம் மாடி கட்டினோம். செங்கல் அதற்கு முந்தின மாதமே முற்றத்தில் இறங்கிவிட்டதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் புத்தாண்டன்று சித்தி காய்ச்சலில் படுத்திருந்தாள். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தக்கலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக அந்த மாதக் கடைசியில் கொச்சியில் அவளுக்கு இன்டர்வியூ இருந்தது.

"எனக்கும் சேத்து ஒண்ணு எடுத்துட்டு வா மக்கா. நல்லா ஜெபம் பண்ணிட்டு எடு, கேட்டியா?" என்று சொல்லி அனுப்பினாள்.

ஜெபமெல்லாம் நான் பண்ணவில்லை. முதலில் சித்திக்கு எடுத்தேன். நீலக் கடலில் வெள்ளைக் கப்பல்; பயணத்தைப் பற்றிய வசனம். அடுத்து எனக்கு எடுத்ததில் ஓர் ஆடு படுத்திருந்தது; பொறுத்திருக்கச் சொல்லும் வசனம். ஆடு எங்கள் வீட்டிலேயே இரண்டு நின்றது. எனக்குக் கப்பல்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் ஆட்டை நீட்டினேன்.

அவள் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதன்பிறகு அவளுக்கு எல்லாமே அந்த வசனத்தைத்தான் சொல்லின. ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோவில் கண் மூடியிருந்தது. சர்டிபிகேட்டுக்கு நகல் எடுக்கப் போன அன்று கரண்ட் இல்லை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் அவள் பஸ்ஸைத் தவறவிடுவாள். அதுவரை அது வெறும் சோம்பலாக இருந்தது.

என் பக்கம் கப்பல் அமோகமாக ஓடியது. பள்ளியில் எங்களைக் கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். "பாத்தியா, வசனம் பலிச்சிட்டு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். நானும் முழுசாக நம்பினேன். திருடியது எனக்குப் பலிக்கிறது என்றால் ஆண்டவருக்கும் அதில் சம்மதம்தானே என்று சுலபமாகச் சமாதானம் செய்துகொண்டேன்.

கொச்சிக்குப் போகவேண்டிய நாள் காலையில் அப்பா ஆட்டோவை வரவழைத்துவிட்டார். சித்தி சேலைகூட மாற்றவில்லை.

"ஏட்டி, அட்டையில எழுதியிருந்தா போகப்பிடாதா? சும்மா போயிட்டு வா. கிடைச்சா கிடைக்கட்டு" என்றாள் அம்மா.

"இல்லக்கா. பொறுத்திருன்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல போனா நல்லாருக்காது."

பிறகு சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "நீ ஜெபம் பண்ணிட்டுத்தானே எடுத்த மக்கா?"

நான் தலையாட்டினேன். ஆட்டோ திரும்பிப் போனது.

அந்த வருடம் முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது. அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். சித்தி அதே ஆஸ்பத்திரிக்கு அதே பஸ்ஸில் போய்வந்தாள். வேறு இன்டர்வியூ வந்தபோதும் அவள் மனுப் போடவில்லை. 'போகிற ஆள் நான் இல்லை' என்று அவளே முடிவுகட்டிவிட்டிருந்தாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "சின்னப்பிள்ள கையில அப்படி மாறணும்னு இருந்திருக்கு, விடு" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒரு அட்டைக்கு அவளைக் கட்டிப்போடும் பலம் கிடையாது, அன்று நான் வாயைத் திறந்திருந்தாலே போதும்.

அன்று காலை ஆட்டோ போனபிறகு சித்தி என்னை உட்காரவைத்துத் தலைவாரிவிட்டாள். வழக்கத்தைவிட வெகுநேரம் வாரினாள். அவள் போகாதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வருத்தப்படுகிறவர்கள் அழுவார்கள் என்று மட்டுமே எனக்கு அந்த வயதில் தெரியும்.