வாய் திறக்காமல் போட்ட வாக்கு

பதினெட்டு வருடமாகக் கல்லடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். முடியாட்சி, சர்வாதிகாரம், சிலர் கூடிச் செய்யும் ஆட்சி, சனநாயகம் என்று பலகையில் நாலு கட்டம் போட்டு நிரப்புவேன். சனநாயகத்தின் கட்டத்தில் 'இரகசிய வாக்கெடுப்பு' என்று ஒரு வரி வரும். சோதனையில் பிள்ளைகள் அதை எழுதினால் ஒரு புள்ளி. அதற்கு மேல் அந்தச் சொல்லை நான் யோசித்ததே இல்லை.

அண்மையில் நடந்த தேர்தலொன்றில், வாகரைக்கு அப்பால் கடற்கரையோரத்துச் சிறு பள்ளிக்கூடம் ஒன்றுக்கு என்னை வாக்கெடுப்பு நிலையப் பொறுப்பாளராகப் போட்டார்கள். காலையில் வெறும் வாக்குப்பெட்டியைத் திறந்து கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டினேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஊர் மீனவர் சங்கத் தலைவர். ஆள் நல்ல உயரம், சத்தமில்லாத பேச்சு. எந்தத் தோணி எங்கே வலை போடுவது என்பதுகூட அவர் சொல்லித்தான் நடக்குமாம். சங்கத் தேர்தலில் கை உயர்த்தித்தான் வாக்குப் போடுவார்கள். அவருக்கு எதிராக ஒரு கை உயர்ந்ததை இதுவரை யாரும் காணவில்லை என்று, எனக்கு உதவிக்கு வந்திருந்த பெண் உத்தியோகத்தர் சொன்னா. அவ பக்கத்து ஊர்.

பத்து மணியிருக்கும். அயல்வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தா. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் பார்வை முழுக்கப் போயிருந்தது. தலைவர் கதிரையை விட்டு எழுந்தார்.

"இவ என்ட மனுசி, சேர். நான் போட்டுக் குடுக்கிறன்."

"நீங்க முகவர். முகவர் போட ஏலாது," என்றேன்.

"கண் தெரியாத மனுசி. இவட அலுவல் எல்லாம் நான்தானே பாக்கிறன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அந்த அம்மாவின் சீலை நேர்த்தியாக உடுத்தப்பட்டிருந்தது, தலை ஒழுங்காக வாரியிருந்தது.

"நீங்க சொல்லுங்க, அம்மா," என்றேன்.

"சேர் போடட்டும்," என்றா அவ.

வாசலில் பொலிஸ்காரர் இருந்தார், அவரைக் கூப்பிட வேண்டி வரவில்லை. தலைவர் தானாகவே போய் உட்கார்ந்தார். கடலுக்குப் போகிற அத்தனை பேரும் சொல் கேட்கிற மனிதர், அச்சடித்த ஒரு சட்ட வரிக்குக் கட்டுப்பட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு மெய் சிலிர்த்தது.

சட்டப்படி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு, அம்மாவை வாக்குப் போடும் மட்டை மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போனேன். சின்ன வகுப்பறை. மறைப்புக்கும் முகவர்களின் கதிரைகளுக்கும் ஐந்தாறு அடிதான். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தபோது அவ என் கையைத் தேடிப் பிடித்தா.

"நான் வாயால சொல்ல மாட்டன், சேர்," என்று காதோடு சொன்னா. "நீங்க மேலயிருந்து ஒவ்வொண்டா வாசிங்க. எனக்கு வேண்டியது வரக்குள்ள உங்கட விரல அமத்துவன். ஆனா நீங்க நிப்பாட்டப்படா. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வாசிக்கணும்."

வாசித்தேன். ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு சின்னம். அறை முழுக்க என் குரல் மட்டும்தான். ஓரிடத்தில் அவவின் விரல்கள் என் சுட்டுவிரலை இறுக்கின. குரல் மாறிவிடுமோ என்று பயந்து, மூச்சைப் பிடித்து அடுத்த பெயருக்குப் போனேன். கடைசிப் பெயர் வரை வாசித்தேன். பிறகு அடையாளமிட்டேன்.

"அடையாளம் எவ்விடத்தில?"

அவவின் விரலை அந்த இடத்தில் வைத்தேன். மேலிருந்து கட்டங்களை மனதுக்குள் எண்ணுவதுபோலத் தாளைத் தடவிப் பார்த்து, "ஓம், சரி," என்றா. தாளைத் தானே மடித்தா. பெட்டியின் வாயைக் கையால் தேடிப் பிடித்துத் தானே போட்டா.

இரகசிய வாக்கெடுப்புக்கு வரைவிலக்கணம் எழுதிக்கொடுத்த நான், அதைச் செய்கிற வழியை அன்றைக்குத்தான் ஒருவரிடம் பார்த்தேன். வீட்டில் இதை எத்தனை நாள் யோசித்து வைத்திருப்பா? உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவவும் அந்த அம்மா போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றா.

பின்னேரம் பெட்டியை மூடி முத்திரையிட்டோம். முகவர்களும் தங்கள் முத்திரையை வைத்தார்கள். தலைவர் என் அருகில் வந்து தயங்கினார்.

"சேர், அவட வாக்கு..."

அவர் வேறெதையோ கேட்க வந்து, கடைசியில், "பழுதில்லாமப் போட்டாவா?" என்றார்.

"நல்லாப் போட்டா. செல்லுபடியாகும்."

தலையை ஆட்டிவிட்டு, மனைவியைப் பார்க்க வீட்டுக்கு நடந்தார்.

அந்த விரல் எந்தப் பெயரில் இறுகியது என்பது, அவவைத் தவிர, எனக்கும் உத்தியோகத்தருக்கும் மட்டும்தான் தெரியும். கணவரின் கட்சிக்கேகூட அவ போட்டிருக்கலாம். போடாமலும் விட்டிருக்கலாம். என் வீட்டிலும் அதைச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.