செக்கர் வீட்டுக்கு வந்த முதல் பரிசு

அவரை எல்லாரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்துகளில் எதிர்பாராத நிறுத்தத்தில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை. மற்றவர்கள் வேலை முடிந்ததும் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாதாரண மனிதர்களாகி விடுவார்கள். இவர் சட்டையை மட்டும்தான் கழற்றுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு மருந்துக் கடையில் காட்டி, "இது எதுக்குக் குடுக்கறது?" என்று ஒன்றும் தெரியாதவர் போல விசாரிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த முகமாக நலம் கேட்டுவிட்டால் போதும், இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வார்.

"நீங்க பொறந்ததும் அழுதிருக்க மாட்டீங்க. நர்ஸைப் பாத்து, டிக்கெட் எங்கன்னு கேட்டிருப்பீங்க" என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு துணிக்கடையின் தையல் பிரிவில் வேலை பார்ப்பவள். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் அவளுக்கு வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். தொழிலில் மனிதர் சூரர். நிறைந்த பேருந்தில் ஏறிய மாத்திரத்தில், டிக்கெட் இல்லாத ஆள் யார் என்று அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். டிக்கெட் எடுக்காதவனுக்குத் திடீரென்று தர்ம சிந்தனை பொங்கும். வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பான். இதுவரை பார்க்காத கடைப் பலகைகளை எல்லாம் ஜன்னல் வழியாகப் படிப்பான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவான். இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்து தெரிந்தால் செக்கர் நேராக அவனிடம் போய் நிற்பார். தப்பியதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை மனைவியின் தம்பியையே இப்படிப் பிடித்து, பேருந்து நிறைய ஆள் பார்க்க அபராதம் போட்டார். மச்சான் அதற்கப்புறம் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. செக்கருக்கு அதில் வருத்தம் உண்டு, வெட்கம் கிடையாது.

இவர்களுக்கு ஒரே பெண். ஒன்பதாவது படித்தாள். வீட்டில் பாப்பா. கணக்கில் அவள் வாங்கும் மதிப்பெண் ஏதோ பரவாயில்லை ரகம். "விடை சரி, ஆனா வழி எழுத மாட்டேங்கறா" என்று கணக்கு டீச்சர் ஒவ்வொரு தேர்விலும் பாதியைக் குறைத்துவிடுவார். விடை மட்டும் எப்படிச் சரியாக வருகிறது என்று செக்கருக்கு அப்போதே ஒரு நெருடல் உண்டு.

அப்படிப்பட்ட பாப்பா ஒரு நாள், நகரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்திய கணிதப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். பெரிய பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் தாண்டி முதலாவது! பள்ளிக்கூடம் தலைகால் புரியாமல் ஆடியது. அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய இருவர், வினாடி வினாக் குழு என்று எல்லாரையும் சேர்த்து வெள்ளிக்கிழமை ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். வாசலில் கட்டிய பேனரில் பாப்பாவின் படம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. வெற்றி பெற்றவர்களின் பெற்றோரையும் மேடை ஏற்றுவதாகத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார்.

மனைவி அழுதே விட்டாள். தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. செக்கர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்ததும், தனக்கு மிகவும் பிடித்த வண்ணப் பேனாக்களை எடுத்து, "நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்தாள். பிறகு, யாரும் எதுவும் கேட்காதபோது, "சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருந்துச்சில்ல, அதனாலதான் லேட்டா வந்துட்டு இருந்தேன்" என்றாள்.

செக்கர் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினார். ஜன்னல், தானம், கேட்காத கேள்விக்குப் பதில். மூன்றும் இருந்தன. சொந்த மகளாகப் போனதால் ஒன்றையாவது தள்ளிவிடலாமா என்று பார்த்தார், முடியவில்லை. இந்த முகத்தை அவர் ஆயிரம் பேருந்துகளில் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பா பார்த்து எழுதியிருக்கிறாள். வேறென்ன? இரண்டாவதாக வந்த பிள்ளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் கழுத்தில் பதக்கம் போடும்போது, ஊரையெல்லாம் டிக்கெட் கேட்கிற மனிதர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டும். சொன்னால் மகள் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் மானம் போகும். மச்சானிடம் காட்டாத தயவை மகளிடம் காட்டினால் தான் யார்? இப்படியே உருண்டு புரண்டாரே தவிர, அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்து ஒரு வார்த்தை பேச அவருக்குத் தோன்றவில்லை. திருட்டைப் பிடிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஆதாரம் கையில் வராமல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

புதன்கிழமை மதியம், பணிக்கு நடுவே, சீருடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கணக்கு டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். "வாங்க சார், உங்க பொண்ணு எங்க பேரைக் காப்பாத்திட்டா."

"சந்தோஷம் டீச்சர். போட்டியில பிள்ளைங்கள எப்படி உக்கார வெச்சிருந்தாங்க?"

"வரிசையாத்தான். ஏன் சார்?"

"பக்கத்துல யாரு? முன்னாடி யாரு?"

டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் செக்கர்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா கேட்கலாம். பரிசோதகர் சீருடையில் வந்து ஒருவர் சும்மா கேட்டேன் என்றால் நம்புவதற்கு டீச்சர் என்ன பச்சைக் குழந்தையா? செக்கர் வாசலைத் தாண்டுவதற்குள் விஷயம் தலைமையாசிரியை அறைக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் பேனரைக் காணவில்லை. சுருட்டி அலுவலக மூலையில் சாத்தியிருந்தார்கள். செக்கரையும் மனைவியையும் உடனே வரச் சொல்லி ஆள் வந்தது.

"பெத்த அப்பாவே சந்தேகப்பட்டு விசாரிச்சிருக்கார். அதுக்கப்புறம் நாங்க எந்த முகத்தோட இந்தப் பொண்ண மேடை ஏத்தறது?" என்றார் தலைமையாசிரியை. "போட்டி நடத்துனவங்ககிட்ட பேசிட்டோம். புதுக் கேள்வித்தாள் அனுப்பியிருக்காங்க. தனியா உக்காந்து எழுதட்டும். சரியாப் போட்டா பரிசு அவளுக்கு. இல்லேன்னா அடுத்த பிள்ளைக்கு. விழாவுலேர்ந்து இவ பேரையும் எடுத்துடுவோம்."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பாப்பா சுவரோரமாக நின்றிருந்தாள்.

அறிவியல் ஆய்வகத்தில், காலிச் சோதனைக் குழாய்களுக்கு நடுவே, அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். கணக்கு டீச்சர் ஒரு பக்கம், தலைமையாசிரியை ஒரு பக்கம். பெற்றோர் வெளியே பெஞ்சில். கதவில் ஒரு சிறிய கண்ணாடி. செக்கர் அதன் வழியாகப் பார்க்க ஒரு தடவை எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "இன்னும் என்ன பாக்கணும்?"

அவர் உட்கார்ந்தார். பாப்பா உள்ளே போனதிலிருந்து அவருக்குள் ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. அவள் தோற்றால் தன் கண் சரி. அவள் ஜெயித்தால் தன் கண் பொய். வாழ்க்கையில் முதல் முறையாக, தன் கண் பொய்யாகிப் போகட்டும் என்று அவர் மனதுக்குள் கெஞ்சினார். அந்த நேரம் நிஜமாகவே கெஞ்சினார் என்பதை அவர் பக்கம் நின்று சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

கதவு திறந்தபோது முதலில் வந்தவர் கணக்கு டீச்சர். கண் கலங்கியிருந்தது. "எல்லாத்தையும் போட்டுட்டா. ஒண்ணு நான் நினைச்ச வழியில இல்ல, அதைவிடச் சின்ன வழி. போன்ல அனுப்பினோம், போட்டி நடத்துனவங்களும் பாத்துட்டு சரின்னு சொல்லிட்டாங்க. நான்தான் இத்தனை நாள் வழி எழுதலை வழி எழுதலைன்னு மார்க்க குறைச்சுட்டிருந்திருக்கேன்."

மனைவி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். செக்கர் எழுந்து நின்றார். சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பழக்கம் அதற்கு முன்னால் வாய்க்கு வந்துவிட்டது.

"அப்புறம் ஏன்மா உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு?"

பாப்பா நேராக அவரைப் பார்த்தாள். "டிக்கெட் எடுக்கலப்பா."

"என்னது?"

"ஸ்பெஷல் கிளாஸெல்லாம் ஒண்ணும் இல்ல. ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய நூலகத்துல, வேற வேற ஸ்கூல் பிள்ளைங்க சாயங்காலம் கூடி கணக்குப் போடுவாங்க. நானும் போவேன். என் பஸ் பாஸ் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தான் செல்லும். அந்த ரூட்டுக்குச் செல்லாது. டிக்கெட் எடுக்காமத்தான் போயிட்டு வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நீங்க ஏறிடுவீங்களோன்னு உயிரு போயி உயிரு வரும்."

செக்கரின் கண் பொய்யாகவில்லை. பார்த்த முகம் டிக்கெட் இல்லாத முகமேதான். குற்றத்தைத்தான் மனிதர் மாற்றிப் படித்துவிட்டார். இப்படி ஒரு தப்பைச் செய்ய அவரால்தான் முடியும்!

"என்கிட்ட சொல்லியிருந்தா பாஸ் மாத்திக் குடுத்திருப்பேனே."

"சொன்னா அங்க யாரு வர்றா, எத்தனை பசங்க, யாரு நடத்துறா, எதுக்கு சும்மா நடத்துறாங்கன்னு நேரா அங்கயே வந்து நிப்பீங்க. அவங்க என்னை வர வேணாம்னுடுவாங்க." அவள் அம்மாவின் கையை விலக்கினாள். "எதுக்கெடுத்தாலும் ஆயிரம் கேள்வி கேப்பீங்கல்லப்பா? பஸ்ல திருட்டுத்தனமா வர்றவன்கிட்டகூட முதல்ல டிக்கெட் எங்கன்னு கேட்டுட்டுத்தானே பிடிப்பீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நேரா இங்க வந்துட்டீங்களே."

ஆய்வகத்தைப் பூட்டுவதற்காகச் சாவியோடு ஆள் வரும் வரைக்கும் மூவரும் அங்கேயே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பேனர் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. அறிவியல் பிள்ளைகளுக்குக் கோப்பை, வினாடி வினாக் குழுவுக்குக் கேடயம், பாப்பாவுக்குப் பதக்கம். அதோடு தலைமையாசிரியை நிறுத்தியிருக்கலாம். நடந்ததை நல்லதாக மாற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பரிசைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. சொந்த மகளா இருந்தாலும் நேர்மைதான் முக்கியம்னு நம்மகிட்ட வந்து கேட்ட ஒரு அப்பா இங்க இருக்கார். அவருக்கு எல்லாரும் ஒரு தடவை பலமா கை தட்டுங்க!"

அரங்கம் அதிர்ந்தது. பாப்பாவுக்குத் தட்டியதைவிடச் சத்தம் அதிகம். செக்கர் மேடையில், மகளுக்கும் மனைவிக்கும் நடுவே நின்றிருந்தார். யாராவது கை தட்டினால் கும்பிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள், செய்தது என்ன என்று உறைத்துவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பாப்பா பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே அவளுக்குப் புதுப் பாஸ் எடுத்துக் கொடுத்தார். நூலகம் வரைக்கும் செல்லும். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவள் "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கிக்கொண்டாள். வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழை வருமா, வரும் என்ற அளவில் நடந்தது. மனைவி இருவருக்கும் நடுவே நிறையப் பேசினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு நாள் மாலை செக்கருக்கு அந்த ரூட்டில் பணி விழுந்தது. விழுந்ததா, கேட்டு வாங்கினாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். சந்தை நிறுத்தத்தில் முன்வாசல் வழியாக ஏறினார். பின்னால், கடைசிக்கு முந்தின இருக்கையில் பாப்பா. பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் இருவர். மூவர் மடியிலும் சேர்த்து ஒரு பெரிய தாளை விரித்து, வட்டமும் கோடுமாக எதையோ போட்டுக்கொண்டு, தலை முட்டிக்கொள்ளும்படி சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாப்பா பாஸை நீட்டிவிட்டாள். சிரிப்பு நின்றிருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நகர வேண்டியதுதான். நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன்னால் எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

"இது என்ன கணக்கும்மா?"

பாப்பா தாளை மெல்ல மடித்தாள். அவர் முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். கண்ணை, வாயை, கம்பியைப் பிடித்திருந்த கையை. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும், ஊரில் அவரைத் தவிர வேறு யாருக்கும் அது கிடையாது.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

சும்மாதான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தட்டி எழுப்பி, டிக்கெட் கேட்டார்.