சீமை எலிக்குப் போட்ட ஊசி

கொல்லங்கோட்டு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். டாக்டருக்கு இரண்டு ஊர்ப் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள்தான் எங்களிடம் வருவார். மற்ற நாட்களில் வயிறு உப்பிய மாடும் குளம்பில் புழு வைத்த எருமையும் என் கைக்குத்தான் வரும். எனக்கு இருபத்துநான்கு வயது. எது வந்தாலும் பார்த்துவிடலாம் என்ற துணிச்சல் இருந்தது.

ஒரு நாள் காலை ஜவுளிக்கடை ராவுத்தர் ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே வாலே இல்லாமல், பழுப்பும் வெள்ளையுமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் கினிப்பன்றி என்பார்கள். ஊரில் அதற்குச் சீமை எலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஊர் திரும்பும்போது, அங்கே துணி விற்கப் போகும் ராவுத்தரின் மைத்துனரிடம் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனதாம். இரண்டும் பெட்டை. ராவுத்தருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி அவற்றை மடியிலிருந்து இறக்குவதில்லை என்று கடைத்தெருவே பேசும்.

"ரெண்டு நாளா மூத்திரம் பேயறப்பக் கீச்சுக் கீச்சுன்னு அழுவுதுங்க தம்பி. ஊட்ல அவளும் சோறு உங்கலை," என்றார் ராவுத்தர்.

வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது முதுகை வளைத்து முக்கியது. சொட்டுச் சொட்டாக விழுந்ததில் சிவப்பு தெரிந்தது. சிவப்புத் தண்டுக்கீரை தின்றிருந்தால் அப்படிச் சாயம் இறங்குமோ என்று கேட்டேன். அந்தக் கீரை போட்டு நான்கு நாளாயிற்று என்றார். வயிற்றின் அடிமயிர் நனைந்து நாறியது. மூத்திரப்பையில் சீழ் என்று முடிவு செய்தேன். மடிநோய் கண்ட பசுக்களுக்கு வைத்திருந்த பென்சிலின் அலமாரியில் இருந்தது. அது எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாங்கள் நம்பிய காலம். சிறிய அளவாகக் கலந்து போட்டேன்.

மறுநாள் மூத்திரம் தெளிந்துவிட்டது என்று ராவுத்தர் சொல்லியனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு ஊசி போட்டேன். நான்காம் நாள் அது தீனியைத் தொடவில்லை. கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லிட்டுச் செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்ததும் சொன்னேன். கையில் இருந்த கடுதாசியைக் கீழே வைத்துவிட்டு, "பென்சிலினா போட்டீர்?" என்று கேட்டார். தலையாட்டினேன். பரிசோதனைக்கூடங்களில் இந்தப் பிராணியை வளர்க்கிறவர்கள் கண்ட விஷயம், மாட்டுக்கும் மனுஷனுக்கும் அமிர்தமான அந்த மருந்து இதன் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும் என்றார். இன்னொன்றுக்கு இதே நோவு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மூத்திரத் துவாரத்தில் கல் அடைத்திருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும், சல்ஃபா மருந்து கொடுக்கலாம், நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்றார். பிறகு, செத்தது செத்துவிட்டது, அவர்களிடம் போய் எதையும் சொல்ல வேண்டாம் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மருந்துப் புட்டிகளைத் துடைத்து அடுக்குவேன், திரும்பவும் இறக்குவேன். ஜவுளிக்கடை வழியாகப் போகாமல் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் ராவுத்தரே சந்தையில் பிடித்துக்கொண்டார். நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, நல்லாத்தான் பார்த்தீங்க என்று தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து ராவுத்தர் கடையிலிருந்து ஆள் வந்தார். மற்றொன்றும் அழுகிறது, வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்றார். மருந்துப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே ராவுத்தர் நின்றிருந்தார்.

"அந்த நல்ல ஊசியே போட்டுருங்க தம்பி. மூத்திரம் ஒரே நாள்ல தெளிஞ்சுதே. வயித்தால போய்த்தான் அது செத்துது, ஊசி மேல குத்தமில்லைங்க."

அவர் மனைவி கதவுக்குப் பின்னால் கூடையோடு நின்றிருந்தார். பையைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

"அந்த ஊசிதானுங்க கொன்னுது," என்றேன். "எனக்குத் தெரியாமப் போட்டுட்டேன். ஒன்றரை மாசமாத் தெரியும். சொல்லலை."

ராவுத்தர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"இதுக்கு என்ன பண்ணோணும்னாச்சும் தெரியுமா? தெரிஞ்சா உள்ள வாங்க. தெரியாட்டிப் போயிருங்க."

உள்ளே போனேன். அந்தம்மா பிராணியை மல்லாத்தி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிமயிரைக் கழுவி, சுண்டுவிரலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினேன். துவாரத்தின் வாயிலேயே நொய்யரிசி போல ஒன்று தட்டுப்பட்டது. மெல்ல மெல்ல நீவினேன். அந்தம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கல் வழுக்கி விழுந்தது. பின்னாலேயே மூத்திரம் அவர் சேலையை நனைத்தது. அவர் அசையவில்லை.

என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். தினமும் முருங்கைக்கீரை, கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு கட்டும். முருங்கையை நிறுத்தி அருகம்புல்லும் வெள்ளரிக்காயும் கொய்யாத்துண்டும் போடச் சொன்னேன். தண்ணீரைக் கோவில் பக்கத்துக் குளத்திலிருந்து எடுத்துக் காய்ச்சி வைக்கச் சொன்னேன். மூத்திரம் பால் மாதிரிக் கலங்கலாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இதற்கு வழக்கம்தான், மணல் நெருடினாலோ சிவப்பு கண்டாலோ உடனே சொல்லியனுப்புங்கள் என்றேன்.

ஒரு வாரம் தினமும் போய்ச் சல்ஃபா கொடுத்துவிட்டு வந்தேன். பிழைத்துக்கொண்டது. பிறகு ஒன்றரை வருடம் இருந்தது.

ராவுத்தர் என்னோடு பழையபடி பேச நாளாயிற்று. அவர் மனைவி அப்படியில்லை. அவர்கள் வீட்டு ஆட்டுக்கு ஏதாவது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். மருந்தை எடுத்தால் மட்டும், "இது இதுக்கு ஆகும்னு தெரியுமுங்களா?" என்று கேட்பார். தெரிந்தால் தெரியும் என்பேன். தெரியாவிட்டால் டாக்டர் வரும்வரை காத்திருக்கச் சொல்வேன். அந்தக் காத்திருப்பு எனக்குக் கடைசிவரை பழகவில்லை.